அந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது நூல் இல்லை

மகனே, முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறதானால் உன் பெண்டாட்டி காதில் விழாமல் சிரி. நேற்று மத்தியானம், நீ கேட்டு எழுதிய தொப்பியை என் தலையில் நானே மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். உன் அப்பன் ஊரான் தொப்பிக்கெல்லாம் ஓரம் மடித்துக் கஞ்சி குடித்தவன். ஆனால் ஒரு தொப்பியையும் தன் தலையில் வைத்ததில்லை. வாடிக்கைக்காரர் தொப்பியை வேலை செய்கிறவன் போடக்கூடாது என்பது தொழில் கட்டுப்பாடு. அளவு பார்க்கக்கூட, தலை அளவுக்குச் சொல்லி வாங்கின மண்சட்டியைக் கவிழ்த்து அதன் மேல்தான் வைப்போம். தூசி தட்ட எடுத்தேன், கை சும்மா இருக்கவில்லை. இடுப்பில் அழுக்கு வேட்டி, காலில் ஒன்றும் இல்லை, தலையில் மட்டும் சீமை. எதிர்வரிசை பீடிக்கடைக்காரர் யாரோ அதிகாரி என்று எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். நானும் விடுவேனா? கையைத் தூக்கி "குட்மார்னிங்" என்றேன். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் குட்மார்னிங். அவர் மெதுவாகக் கீழே என் காலைப் பார்த்தார். "அட கருமமே, நீயாப்பா? நான் வேற எழுந்து தொலைச்சேன்" என்று உட்கார்ந்துகொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். காப்பிக் கடை வரைக்கும் போய் அங்கே இருக்கிற நாலு பேருக்கும் காட்டிவிட்டு வரலாம் என்று ஆசை. நடந்தேன். புளியமரத்தைத் தாண்டினேன். தாண்டினேன் என்றுதான் எனக்கு நினைப்பு. பார்த்தால் நம் வூட்டு வாசலில் நிற்கிறேன். உங்கம்மா முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே, "என்னாங்க, காசு மறந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி கிளம்பினேன். இந்தத் தடவை புளியமரத்தைக் கையால் தொட்டுவிட்டே போனேன். உள்ளங்கையில் மரத்துத் தூசி இருந்தது, கண் முன்னால் நம் வாசல் இருந்தது. எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை. பீடிக்கடைக்காரர், "என்னப்பா, தெருவை அளந்து எழுதிக்கப் போறியா?" என்று கத்தினார். நான் தொப்பியைக் கழற்றிச் சட்டியில் கவிழ்த்துவிட்டு வெறுந்தலையோடு போனேன். நேராகப் போய்ச் சேர்ந்தேன். காப்பி நன்றாக இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன் கடிதத்தில் கடைசி வரி. பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் பெண்டாட்டியோடு ஒரு போட்டோ எடுக்கணும், கோட்டுக்குப் பொருத்தமாக அந்தத் தொப்பி வேணும், பெங்களூருக்கு வரும் புளி லாரியில் கொடுத்து அனுப்பு, எல்லாம் சரி. "ஓரத்துல ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருக்கும்பா, அதை வெட்டிட்டு அனுப்பு" என்று எழுதியிருக்கிறாய் பார். மகனே, அது நூல் இல்லை. உங்கம்மாவின் தலைமுடி. அதை வெட்டுவதா விடுவதா என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்றால் நம்ப மாட்டாய். சரி, களி இறங்கியது, சோறு இறங்கவில்லை.

உனக்கு இந்தத் தொழில் தெரியாது. உன் கையில் ஊசியைக் கொடுத்தால் நீ அதை வைத்துப் பல் குத்தினவன். அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். பெங்களூர் கண்டோன்மெண்டில் நான் வேலை கற்ற கடையில் ஓரம் என்பது தனி வேலை. இது ஃபெல்ட் தொப்பி. நான் பெல்ட்டு என்று சொல்லி முதல் நாளே இடுப்பு வாரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவன். ஃபெல்ட் என்றால் நெய்யாத துணி. முயல் ரோமத்தைச் சுடுதண்ணீரில் நனைத்து அமுக்கி அமுக்கிச் செய்வது. நடுவில் தலை உட்காரும் குழி, சுற்றிலும் வெயில் மறைக்க ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குப் பிரிம் என்று பெயர். பிரிம்மின் நுனிதான் ஓரம். தொப்பியில் முதலில் சாகிறது ஓரம்தான். மழையில் தொங்கும், வியர்வைக் கை பட்டுப்பட்டு மெழுகு பிடிக்கும், பூச்சி அரிக்கும். ஓரம் போய்விட்டால் எப்பேர்ப்பட்ட தொரைக்கும் ஆண்டிக் களை வந்துவிடும்.

இருப்பதில் லேசான வேலை வெட்டு ஓரம். கட்டையில் பதித்த கத்தியால் சுற்றி ஒரே அகலமாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, நிற்கிற பிசிறை விளக்கு நெருப்பில் காட்டியும் காட்டாமலும் பொசுக்கினால் தீர்ந்தது. அதற்கு மேல் மடித்துத் தைக்கிற ஓரம். அதற்கும் மேல் நாடா ஓரம். வரி போட்ட பட்டு நாடாவை ஈரமாக்கி, இஸ்திரிப் பெட்டியால் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து இழுத்து முதலில் அதை வளைக்க வேண்டும். நேர் நாடாவை வளைவில் வைத்துத் தைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி சுருங்கி எழும்பும். நாடா தானாக வட்டத்துக்குப் பழகணும், அப்புறம்தான் ஊசி. உன் பெண்டாட்டி விசயத்திலும் இதை ஞாபகம் வைத்துக்கொள். கல்யாணமான புதுசில் உங்கம்மாவை நான் நேராக வைத்துத் தைக்கப் பார்த்தேன். சுருங்கினது நான்.

எல்லாவற்றுக்கும் மேலே தையலே இல்லாத மடிப்பு. ஓரத்துக்கு ஆவி காட்டி, ஈரத்தோடு மேலே மடித்து, மழுமழுப்பான மரத்துண்டால் தேய்த்து, இஸ்திரி வைத்து, மறுபடி ஆவி, மறுபடி தேய்ப்பு. ரோமத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கிறது. சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் மேல் ரோமமும் அடி ரோமமும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிப்பக்கம் ஒரு பூச்சு. காய்ந்த பிறகு மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று மடித்தவனுக்கே தெரியாது. பிரிக்கவும் முடியாது, பிரித்தால் கிழியும். கடையில் மற்றவன் எல்லாம் மாசக்கணக்கில் முக்கினபோது எனக்கு இது சீக்கிரம் கைவந்தது. காரணம் பெரிசாக ஒன்றும் இல்லை. நாம் கம்பளி நெய்கிற சனம். ஈரமும் ரோமமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தொட்டிலிலேயே தெரியும்.

அந்தச் சனத்தின் பழக்கம் ஒன்றுதான் இத்தனைக்கும் காரணம். உனக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீ ஆட்டையே கறியாகத்தான் பார்த்தவன். நம்ம ஆண்கள் அறுப்பு முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வயலில் எருவுக்குக் கிடை போடப் போவார்கள். அரூர்ப் பக்கம், மைசூர்ச் சீமை என்று போனால் வருவதற்கு மாசங்கள் ஆகும். போகிறவனுக்குப் புதுக் கம்பளி நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு முறுக்கேற்றி, கரை முடிக்கிற நேரத்தில் வூட்டுக்காரி தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கரையோடு சேர்த்து முறுக்கிவிடுவாள். கரைமுடி என்பார்கள். அந்தக் கம்பளியைப் போர்த்தியவன் எங்கே படுத்தாலும் வூட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவான் என்று ஒரு நினைப்பு. நான் பெங்களூருக்குப் போனபோதும் உங்கம்மா கரை முடித்த ஒரு கம்பளி கொண்டுபோனேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நான் கடத்தூருக்கே திரும்பி வந்து நம் வூட்டு முன் அறையில் கடை போட்டபோது நீ அரைஞாண் கயிற்றோடு திரிந்தாய். முதலில் வந்த பெரிய வேலை வத்தல்மலைக் காப்பித் தோட்டத்துத் தொரையின் தொப்பி. இதே தொப்பி. வயசான மனுசர், ஒல்லி, குடும்பம் இல்லை. ஓரம் சுத்தமாகப் போயிருந்தது. தையல் இல்லாத மடிப்பே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆவிக்குக் களிப்பானைத் தண்ணீர். ஒரு கை போதவில்லை என்று உங்கம்மாவைக் கூப்பிட்டேன். நான் ஒரு பக்கமிருந்து தேய்க்க, அவள் மறுபக்கமிருந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. இஸ்திரி வைக்கும்போதுதான் லேசாக முடி கருகின நாத்தம்.

"என்னாடி பண்ணின?"

"முடி வச்சேன். ஓரம்னா வைக்கிறதுதானே?"

"அடியே, அது கம்பளி இல்லடி. தொரை தொப்பிடி."

"ஏன், தொரை மட்டும் வூடு திரும்ப வேணாமா?"

மடிப்பை நகத்தால் நெருடிப் பார்த்தேன். பிரித்தால் கிழியும். அரக்குப் பூசி, சட்டியில் காய வைத்து, கொடுத்து அனுப்பினேன். தொரை வூடு திரும்பினார் மகனே. நம் வூட்டுக்கு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு உச்சிப்பொழுது. தெருவில் ஒரு காக்கை இல்லை. வாசலில் நிழல் விழுந்தது என்று பார்த்தால் தொரை நிற்கிறார். பின்னால் அவருடைய சமையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், சேலத்துக்காரர். உங்கம்மா பதறிப்போய் நம்ம வூட்டுக் கன்னடத்திலேயே "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டுவிட்டாள். நமக்கு அது வாங்க. சமையல்காரருக்குக் கன்னடம் தெரியாது. "ஏம்மா! யாரைப் பார்த்து என்னா சொல்ற? வாயிருக்குதுன்னு பேசறதா?" என்று அவர் குதிக்க, "வாங்கன்னு கூப்புட்டா கோவிச்சுக்கறாரே இந்த மனுசன்" என்று இவள் நிற்க, நான் நடுவில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தொரை எதையும் கவனிக்கவில்லை. நம் நிலைவாசலில் அத்தனை பேரும் முதல் தடவை மண்டையை இடித்துக்கொள்வார்கள், உன் மாமனார்கூட இடித்துக்கொண்டார் அல்லவா? தொரை சரியான இடத்தில் குனிந்து உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, கதவுக்குப் பின்னால் என் கம்பளி மாட்டுகிற ஆணியில் மாட்டினார். அந்த ஆணி வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார். நல்ல தமிழில், நிதானமாக, "நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டார்.

கேட்டது எங்களைத்தான். தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். உங்கம்மா மோர் கொடுத்தாள். குடித்தார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கப் புறப்பட்டதாகவும் மலை இறங்கினது ஞாபகம் இல்லை என்றும் சமையல்காரரிடம் சொன்னார். போய்விட்டார். பிறகு வர ஆரம்பித்தார். எப்போதும் அதே உச்சிப்பொழுது. ஒரு நாள் வாசல்பக்கம் வராமல் கொல்லைப்பக்கமாக வந்தார். நம் கொல்லைக் கதவு தாழ் எடுத்தாலும் திறக்காது, முழங்காலால் கீழே ஒரு இடி இடிக்கணும், உனக்குத் தெரியும். அவர் முழங்காலால் இடித்துத் திறந்துகொண்டு வந்தார். பீடிக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். "என்னப்பா, தொரை உங்க வூட்டு மாப்பிள்ளையா? தலை தீபாவளிக்கு வேட்டி எடுத்தாச்சா?" என்பார். நீ அவரைப் பன்னித் தொரை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாய். உன்னைக் கண்டால் மட்டும் அந்த மனுசன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும். மற்றபடி நம் வூட்டு மூலை ஒவ்வொன்றையும் அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். எங்கோ வைத்துவிட்டு மறந்த சாமானைத் தேடுகிறவன் பார்வை. அவர் எதையும் வைக்கவில்லை. வைத்தது உங்கம்மா.

மழை பிடித்த மாசத்தில் ஓரத்திலிருந்து முடி வெளியே வர ஆரம்பித்தது. அதற்கு நியாயம் உண்டு. மனுச முடி வழவழப்பு, அதற்குக் கொக்கி இல்லை. ரோமத்துக்குள் வைத்தால் நிற்காது, ஈரத்தில் தொப்பி ஊறிக் காய்கிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வரும். பெங்களூர்க் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். தொரை அதைக் காட்டி, வெட்டிவிடு என்று சைகை காட்டினார். கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தோடு ஒட்ட நறுக்கினேன். உள்ளே அடுப்படியில் உங்கம்மா "ஸ்ஸ்" என்றாள். எட்டிப் பார்த்தேன். களித் துடுப்பைக் கையில் பிடித்தபடி, மறு கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, களிப்பானையையே பார்த்தபடி நிற்கிறாள். அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது. அவளுக்கு அது மூக்கில் ஏறவில்லை. "என்னாடி?" என்றேன். "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கருகின களிக்கு என்னைத் திட்டவும் செய்தாள், அதனால் சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

முடி மறுபடி வந்தது, முன்னைவிட நீளமாக. ஒரு தலைமுடி எவ்வளவு நீளம் இருக்கும்? வெட்டின பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கணும்? நான் கணக்கில் வீக்குதான். ஆனாலும் இது இடித்தது. இந்தத் தடவை உங்கம்மா ஏரிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தபோது, சோதிக்கிற மாதிரி, நுனியை மட்டும் நறுக்கினேன். அவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். வரும் வழியில் அடுத்த வூட்டுக்குள் நுழைந்துவிட்டாளாம், அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். என்னைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். மரியாதையாகக் கேட்டாள். அவள் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பொழுது சாயும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைத்த பிறகு எழுந்து, "என்னா, அடுப்பு கூட மூட்டாம உக்காந்திருக்கிறீங்க" என்று சத்தம் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றோடு அந்த முடி பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோவதை விட்டேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், அல்லது சிரிக்க மாட்டாள். இரண்டுமே எனக்கு ஆகாது.

உலகச் சண்டை தொடங்கின சமயத்தில் தொரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்கே கிளம்பினார். மூட்டை முடிச்சு எல்லாம் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. ரயில் வருகிற நேரத்துக்கு அவர் நம் வாசலில் வந்து நிற்கிறார். சமையல்காரர் அழாத குறை. "இதோட எத்தனாவது வண்டிங்க! ஸ்டேஷன்ல பெஞ்சில உக்கார வச்சுட்டுத் தண்ணி வாங்கப் போனேன், ஆளைக் காணோம். நடந்தே வந்திருக்காருங்க" என்கிறார். தொரை காலெல்லாம் புழுதி. அவர் ஆணியில் தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தடவை அவர் கேள்வி கேட்கவில்லை. வயசான மனுசர் குழந்தை மாதிரி உங்கம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கம்மா மோரை வைத்துவிட்டுச் சொன்னாள், "தொரைங்களே, அந்தத் தொப்பி இங்கயே இருக்கட்டுங்க. நீங்க வெறுந்தலையோட போயிட்டு வாங்க. இல்லீங்க, போங்க. வர வேணாம்." அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெளியே போகும்போது நிலையில் மண்டையை நன்றாக இடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வரவில்லை. அவரை அனுப்பின உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியுமோ என்று அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

தொப்பி சட்டியில் உட்கார்ந்தது. முன் அறையில் தெருவைப் பார்த்து வைப்பேன். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அதனால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்தால் உள்ளே அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எலி என்றேன். சட்டிக்கு அடியில் சாணி வைத்து ஒட்டினேன். சாணி காய்ந்து இறுகின பிறகும் திரும்பியிருந்தது. சரி, இதற்கு இதுதான் பிடிக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது அதன் தலையில் தட்டிவிட்டுப் போவாய். உனக்குப் பயமே கிடையாது. உன் வயசில் எனக்கும் கிடையாது.

இப்போது என் கம்பளிக் கதை. பெங்களூரில் எனக்கு வேலை நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி ஆக்குவதாகப் பேச்சு, உங்கம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு வர ஒரு அறைகூடப் பார்த்துவிட்டேன். குளிர்காலம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை விட்டு இறங்கினேன். அடுத்து ஞாபகம் இருப்பது ஓசூர் ரோடு. பசி, கால் வீங்கியிருக்கிறது, கையில் கடையின் மரத்துண்டு அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்தது நம் வாசல். உங்கம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், "வந்துட்டீங்களா" என்றாள். நானும் வந்துட்டேன் என்றேன். அவ்வளவுதான். திரும்பிப் போகவில்லை. இந்தக் கடை, இந்தப் பிழைப்பு, எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்கம்மாவோடு ஒரு நாள் கூட அலுத்ததில்லை, அவளுக்கு அலுத்திருக்கலாம். ஆனால் மகனே, நான் வந்தேனா, கொண்டுவரப்பட்டேனா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆசையாக வந்திருந்தால் அந்த ஆசை எந்த இடத்தில் வந்தது என்று தேடிப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு இறங்கின படிக்கும் ஓசூர் ரோட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

அதனால்தான் இந்தப் பாடு. வெட்டாமல் அனுப்பினால் நீ பம்பாயில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலைக்குக் கிளம்புவாய், இங்கே வந்து நிற்பாய். நீ வரணும் என்று எனக்கு ஆசை இல்லையா? கல்யாணமாகிப் போன பிறகு ஒரே கடிதம் எழுதியிருக்கிறாய், அதுவும் தொப்பிக்கு. நீ வந்தால் ஆட்டை அடிப்பேன். ஆனால் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நான் எதுக்கு வந்தேன்?" என்று நீ கேட்டால் நான் என்ன சொல்வேன்? உன் பெண்டாட்டி அங்கே அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தத் தொரை முகத்தை நான் பார்த்தவன். என் முகத்தை நான் பார்க்கவில்லை, உங்கம்மா பார்த்திருக்கிறாள். சரி, வெட்டிவிட்டு அனுப்பலாம் என்றால், உங்கம்மா வாசலில் வெறுங்குடத்தோடு நின்றது கண்ணிலேயே நிற்கிறது. தொப்பி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லலாம் என்றும் பார்த்தேன். நீ நம்ப மாட்டாய். இந்த வூட்டில் எதுவும் தொலையாது, அதுதான் இங்கே வியாதியே.

கடைசியில் ஒரு வழி பிடித்தேன். வெட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். இன்று காலையில் தொரை காலத்துக் கறுப்புப் பட்டு நாடா மிச்சம் இருந்ததை எடுத்தேன். நனைத்து, இஸ்திரி வைத்து வளைத்து, வட்டத்துக்குப் பழக்கினேன். அந்த முடியை ஓரத்தைச் சுற்றிப் படுக்க வைத்து, மேலே நாடாவை மடித்து மூடி, மேலும் தெரியாமல் கீழும் தெரியாமல் தையல் போட்டேன். இனி அது உள்ளேயே தூங்கும். போட்டோவுக்குக் கோட்டுக்கும் நாடாவுக்கும் நன்றாகவே பொருந்தும். போட்டோக் கடையில் மட்டும் போடு. தெருவில் போடாதே. பம்பாய்க்குக் கொண்டுபோனால் பெட்டியில் வை. அங்கே எந்தத் தையல்காரனாவது நாடா பழசாகிவிட்டது, மாற்றுகிறேன் என்றால் கொடுக்காதே. வூட்டுக்கு வரணும் என்று தோன்றினால் வெறுந்தலையோடு வா. வழியில் புளியமரம் எங்கே வந்தது, எந்த ஸ்டேஷனில் டீ குடித்தாய் என்று எனக்குச் சொல்லத் தெரிகிற மாதிரி வா. நிலையில் மண்டையை இடித்துக்கொண்டு வந்தாலும் எனக்குச் சந்தோசம்தான். பெண்டாட்டியிடம் கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடாதே, உள்ளேயே உட்கார்ந்து சண்டை போடு. வெளியே போகிறவனுக்குத் திரும்பி வருவது பழகிவிடும், எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடும். அவள் உன் சட்டை ஓரத்தில் என்ன வைத்துத் தைக்கிறாள் என்று ஒரு கண் வைத்துக்கொள். இது விளையாட்டுக்குச் சொல்கிறேன். பாதி விளையாட்டுக்கு.

புளி லாரிக்காரர் வந்து வாசலில் நிற்கிறார், கடிதத்தை முடி என்கிறார். இதற்கு நடுவில் உங்கம்மா தொப்பியைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டாள். "எல்லாம் தச்சீங்க, கடைசில நூலை அறுக்காம விட்டுட்டீங்களே, போட்டோவுல அசிங்கமா தெரியாதா?" என்று என்னிடம் சொன்னாள். நாடா ஓரத்தில் ஏதோ நீட்டிக்கொண்டு இருந்ததாம். பல்லால் கடித்து அறுத்துவிட்டாளாம். என் தையல் நூலாகத்தான் இருக்கும். நான் கறுப்பு நூல் போட்டிருந்தேன். அவள் களி கிண்ட உள்ளே போனாள்.

இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். களி அடிப்பிடித்துவிட்டது. லாரிக்காரரை உட்கார வைத்து அவள் மோர் கொடுத்திருக்கிறாள். எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருங்க வேணும் என்று கேட்டாள்.